அவர் பக்கத்து விளக்கு

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் இன்றைக்கும் தினமும் வேலைக்குப் போகிறாள், சம்பளம் வாங்குகிறாள், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறாள். கண்ணால் பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ளாத ரகம். அவள் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். கேட்ட அன்று நான் விளக்கை அணைக்காமல்தான் படுத்தேன்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. வேலை, அடுத்தவர்களைத் தூங்கவைப்பது. விளையாட்டில்லை, நிஜமாகவே அதுதான் வேலை. கட்டிலின் தலைமாட்டில் வைக்கிற ஒரு பெட்டியை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். பெரிய சோப்பு டப்பா அளவுதான். நாற்பதைத் தாண்டினவர்களுக்கென்றே செய்தது. அந்த வயதில் தூக்கம் நேராக வருவதில்லை. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

பெட்டி செய்கிற வேலை எளிமையானது. உடம்பில் எதையும் ஒட்டவேண்டாம், மாட்டவேண்டாம். பக்கத்தில் ஆள் படுத்ததும், நெஞ்சு ஏறி இறங்குவதைத் தூரத்திலிருந்தே உணர்ந்துகொள்ளும். மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். மூச்சு விடுகிற மாதிரி ஒரு மெல்லிய ஓசை கேட்கும். நம் மூச்சைவிட அது கொஞ்சம் மெதுவாக இருக்கும். நம்மை அறியாமல் நாமும் அதன்கூடவே மெதுவாக மூச்சு விட ஆரம்பிப்போம். ஆள் தூங்கிவிட்டால் ஓசை நின்று விளக்கும் அணைந்துவிடும். ஆளே இல்லையென்றால் விளக்கு எரியவே எரியாது.

இதை அவள் செய்ய ஆரம்பித்தது கணவருக்காக. அவர் அவளுடைய கம்பெனியின் ஊழியர் பஸ் ஓட்டினார். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவார். எப்போது பார்த்தாலும் கண் சிவந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு முன்னாலேயே தலை தொங்கும். பொறுமைசாலி. எதிலும் ஒரு ஒழுங்கு. சீட் பெல்ட், மகளின் பை, அவளுடைய செருப்பு, எதில் வார் தொங்கினாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. நுனியை இரண்டு மடிப்பு மடித்து உள்ளே செருகிவிடுவார்.

முதல் பெட்டியை அவர் பக்கத்துத் தலைமாட்டில்தான் வைத்தாள். வைத்த முதல் வாரமே ஒரு சிக்கல். கட்டிலில் இரண்டு பேர் இருந்ததால் இரண்டு மூச்சும் கலந்து, பெட்டிக்குக் குழம்பிப்போனது. அவள் யோசித்துப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பக்கத்து மூச்சை மட்டும் கவனி. அந்தப் பக்கத்து மூச்சு வெறும் இரைச்சல், தள்ளிவிடு.

அந்தப் பக்கத்து மூச்சு அவளுடையது.

பெட்டி சொன்னபடி கேட்டது. ஊரில் யார் யார் வீட்டிலோ கொடுத்துப் பார்த்தார்கள், எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். அவர் மட்டும் தூங்கவில்லை. விளக்கு ராத்திரி பூராவும் எரிந்துகொண்டிருந்ததாகப் பெட்டி தினமும் காலையில் காட்டும்.

"உங்களால என் வேலையே போயிடும்போல," என்பாள்.

"ஊருக்கெல்லாம் தூக்கம் குடுக்குது. என்னைக் கண்டாத்தான் அதுக்கு ஆகல," என்று சிரிப்பார். "நீ முதல்ல தூங்கு. நீ தூங்கினப்புறம் நான் தூங்கறேன்."

ராத்திரியில் அவர் செய்கிற ஒரு காரியம் அவளுக்குப் பிடிக்காது. அவள் அசந்து தூங்கும்போது இடது தோளில் இரண்டு தட்டு தட்டுவார். "திரும்பிப் படும்மா."

"கட்டில் என்ன உங்க பஸ்ஸா, எடம் பிரிச்சுக் குடுக்க?" என்று எரிந்துவிழுந்துவிட்டுத் திரும்பிப் படுப்பாள்.

ஒரே ஒரு தடவை அவர் வாயைத் திறந்து சொன்னார். "தூக்கத்துல நீ மூச்ச நிறுத்திடற. டாக்டர்கிட்ட காட்டலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "தூக்கத்தப் பத்தி எனக்கே பாடமா? முதல்ல நீங்க தூங்குங்க." இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சரி விடு, நான் கனவு கண்டிருப்பேன்," என்று அவர் இறங்கிவந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒரு நாள் காலை, ஊழியர்களை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்பும்போது, பஸ் ஒரு சுவரில் போய் மோதியது. பிரேக் போட்ட தடமே இல்லை. தூங்கிவிட்டாராம்.

நல்ல வேளை, பஸ்ஸில் யாரும் இல்லை என்றார்கள் வந்தவர்கள். அவர் இருந்தாரே என்று அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. ஊருக்கே தூக்கம் கொடுக்கிறவளின் புருஷன் தூக்கம் இல்லாமல் செத்தான் என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ராத்திரி பூராவும் போனை நோண்டிக்கொண்டு கிடந்திருப்பார், எத்தனை தடவை சொன்னேன் என்று மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்ல ஆள் இல்லாத சண்டை ஓயவே ஓயாது.

அஞ்சு மாதம் போனது. பெட்டியின் புது மாடல் தயாரானது. சரிபார்க்க ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பழக்கதோஷம், கை அதைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டது. எடுத்து மாற்ற மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, தன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மணி பதினொன்று இருபது.

விளக்கு எரிந்தது.

மஞ்சள் வெளிச்சம். கூடவே அந்த மெல்லிய ஓசை... யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

தன் மூச்சைத்தான் பெட்டி பிடித்துவிட்டது, கோளாறு என்று நினைத்தாள். அலுப்பில் தூங்கியும்போனாள். காலையில் பார்த்தால், ராத்திரி பூராவும் விளக்கு எரிந்ததாகப் பெட்டி காட்டியது. எரியத் தொடங்கியது பதினொன்று இருபதுக்கு. அணைந்தது நாலே முக்காலுக்கு.

அலுவலகத்தில் பெட்டிகளைக் கோத்துக் கொடுக்கிறவரை எல்லோரும் திருப்புளி அண்ணன் என்பார்கள். இருபது வருஷமாகச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளி வைத்திருக்கிற மனிதர். பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. ஆளைப் படுக்கவைத்துப் பார்த்தார், எரிந்தது.

"பெட்டியில ஒரு குறையும் இல்லம்மா. ஆள் இருந்தாத்தான் எரியுது."

"ரெண்டாவது மூச்சையும் சேத்துப் பிடிக்குதோ?"

"அதெல்லாம் அடுத்த பக்கத்து மூச்ச சுத்தமா தள்ளிடுது. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே."

அன்று ராத்திரி அவள் பெட்டியைத் தன் பக்கத்தில் வைத்தாள். ஒழுங்காக எரிந்து, அவள் தூங்கியதும் அணைந்திருந்தது. அடுத்த நாள், மகள் வெளியூரில் இருந்ததால் காலியாகக் கிடந்த அவள் அறையில் வைத்தாள். எரியவே இல்லை. அதற்கடுத்த நாள், அவர் பக்கத்தில்...

விடியும்வரை எரிந்தது.

நாலாம் நாள் தூங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு படுத்திருந்தாள். முகம் அந்தப் பக்கம். கண் பாதி மூடியிருந்தது. தலையணையைத் தட்டி நேராக்கிப் படுக்கை விரிப்பை இழுத்து விட்டிருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

பதினொன்று இருபது. விளக்கு எரிந்தது.

அவள் அசையவில்லை.

தலையணையின் நடுவில்... மெதுவாக... ஒரு பள்ளம் விழுந்தது.

மெத்தை லேசாக அந்தப் பக்கம் சாய்ந்தது. கனமான ஆள் படுத்தால் சாய்கிற மாதிரி.

"ஏங்க..."

பெட்டியின் ஓசை மட்டும்.

எழுந்து ஓடவேண்டும். ஓடவில்லை. அவளால் அந்தத் தலையணையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பயம் பாதி, ஆசை பாதி. கையை நீட்டினால் பட்டுவிடுமோ என்று பயம். நீட்டினால் ஒன்றும் படாதோ என்று அதைவிடப் பயம்.

கையை நீட்டவே இல்லை. அப்படியே எப்போதோ தூங்கிப்போனாள். தூக்கத்தின் அடியில் எங்கோ இடது தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

திரும்பிப் படுத்தாள்.

அந்த மாதக் கடைசியில், வெளியூரில் படிக்கிற மகள் லீவில் வந்தாள். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் அதே அறையில் படுத்தாள். அப்பாவின் இடத்தில் படுக்க அவளுக்கும் தைரியம் வரவில்லை. கீழே மெத்தை விரித்துக்கொண்டாள்.

காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ராத்திரி நீ மூச்சே விடல."

"என்னடி உளர்ற?"

"நிஜமாம்மா. குறட்டை சட்டுனு நின்னுபோச்சு. ரொம்ப நேரம். பயந்துபோய் உன்னத் தட்டலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள நீயே திக்கித் திணறி மூச்சு இழுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்ட. அப்புறம் மறுபடி அதே மாதிரி. ராத்திரி பூரா அதே கதை." மகள் கொஞ்சம் தயங்கினாள். "அப்பா சொன்னது அப்ப நிஜம்தானா?"

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒரு தடவ போன்ல, ராத்திரி ஒழுங்கா தூங்குங்கப்பான்னு திட்டினேன். நான் தூங்கிட்டா உங்கம்மாவ யாரு பாத்துக்கறதுன்னாரு. கிண்டல் பண்றாருன்னு நினைச்சேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ராத்திரிகளில் அவர் இடம் கேட்டுத் தட்டவில்லை. தூக்கம் வராமல் கிடக்கவும் இல்லை. இவள் மூச்சு நிற்பதற்காகக் காத்துக்கொண்டு, வந்த தூக்கத்தை விரட்டி விரட்டி முழித்திருந்திருக்கிறார். வருஷக்கணக்கில். அவர் தலைமாட்டிலேயே ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு மூச்சு நின்று நின்று போவதை அதுவும் ராத்திரிதோறும் உணர்ந்தது. உணர்ந்து, இரைச்சல் என்று தள்ளிவிட்டது. அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

செத்துப்போன மனுஷனோடு அஞ்சு மாதம் சண்டை போட்டாளே, அந்தச் சண்டை அந்த நிமிஷம் ஓய்ந்தது. ஓய்ந்ததும் தாங்க முடியவில்லை.

மகள் விடவில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு ராத்திரி அங்கேயே தங்கித் தூங்கவேண்டும், மூச்சை அளப்பார்கள், கேமராவில் பதிவு செய்வார்கள். ஒருவர் படுக்கிற சின்னக் கட்டில். அறையில் வேறு யாரும் இல்லை. கதவை வெளியிலிருந்து சாத்தினார்கள்.

மறுநாள் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"தூக்கத்துல உங்க மூச்சு நாப்பது தடவைக்கு மேல நின்னிருக்கு. இவ்வளவு வருஷம் இத வெச்சுக்கிட்டு நீங்க இருந்ததே பெரிய விஷயம். பக்கத்துல படுக்கறவங்க யாராவது எழுப்பிவிடுவாங்களா?"

"இப்ப தனியாத்தான் படுக்கறேன்."

"ம்..." டாக்டர் திரையைத் திருப்பினார். "இத ஒரு தடவ பாருங்க. எனக்குப் புரியல."

சாம்பல் நிறப் படம். அவள் மல்லாந்து தூங்குகிறாள். நெஞ்சு ஏறி இறங்குகிறது. நிற்கிறது. ஓரத்தில் விநாடிகள் ஓடுகின்றன. பத்து... பதினைந்து... இருபது...

இடது தோளில் சட்டைத் துணி அமுங்கியது.

மறுபடி அமுங்கியது.

நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

"எல்லாத் தடவையும் இதே மாதிரிதான்," என்றார் டாக்டர். "தசைத் துடிப்பா இருக்கலாம். ஆனா இப்படி நான் பாத்ததில்ல."

அவள் கை தானாகப் போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டது.

வைத்தியம் ஒன்றுதான். மூக்கில் மாட்டிக்கொள்கிற மாஸ்க், அதற்குக் குழாய், குழாய் வழியாகக் காற்று அனுப்புகிற ஒரு சின்ன மெஷின். மாட்டிக்கொண்டு தூங்கினால் மூச்சு நிற்காது. மாட்டாவிட்டால் என்றைக்காவது நின்றது நின்றதுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மகள் ஊருக்குக் கிளம்பினாள். தினமும் போன் பண்ணிக் கேட்டாள். "மாஸ்க் போடறியாம்மா?"

"போடறேன்."

போடவில்லை. மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. மாஸ்க் பையிலிருந்து வெளியே வரவே இல்லை. காரணம் இதுதான். மூச்சு நிற்பதால்தான் அவர் வருகிறார். நிற்காவிட்டால் அவருக்கு இங்கே என்ன வேலை? ராத்திரி பதினொன்று இருபதுக்கு அந்த மஞ்சள் விளக்கு எரிவதற்காகத்தான் அவள் பகலையே தள்ளினாள். விளக்கு எரிந்ததும் அந்தத் தலையணையைப் பார்த்து அன்றைய கதையெல்லாம் சொல்வாள். மன்னிப்பும் கேட்டுவிட்டாள். உயிர் போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. போனால் அவரிடம்தானே போகிறோம் என்று. மகளின் முகம் நினைவுக்கு வந்தால் மட்டும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஒரு ராத்திரி... மணி இரண்டு பத்து.

தோளில் தட்டு. ஒன்று. இரண்டு.

மூன்று. நான்கு. ஐந்து...

தட்டு இல்லை. உலுக்கல்.

அவள் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவளைப்போல எழுந்து உட்கார்ந்தாள். காது அடைத்திருந்தது. நெஞ்சு வலித்தது. அறையில் மஞ்சள் வெளிச்சம். பக்கத்துத் தலையணையில் பள்ளம் இல்லை. தலையணை, கட்டிலின் தலைமாட்டுப் பலகையோடு நிமிர்ந்து, யாரோ முதுகைச் சாய்த்த மாதிரி அமுங்கியிருந்தது.

படுத்திருக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறார். படுத்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் தட்டு முன்னால் தலை தொங்க உட்கார்ந்திருந்ததெல்லாம் அவள் கண்முன் வந்தது. தூக்கம் இல்லாமல் உயிரையே விட்ட மனுஷன். செத்த பிறகாவது தூங்க விட்டேனா நான், என்று வாய்விட்டுக் கேட்டாள்.

மாஸ்க்கை எடுத்தாள். வாரைத் தலைக்குப் பின்னால் கோணல்மாணலாக மாட்டினாள். மெஷினைப் போட்டாள். காற்று வந்தது. அவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"போட்டுட்டேங்க. இனிமே நிக்காது. தூங்குங்க."

விளக்கு எரிந்தது.

தலையணை மெதுவாகச் சரிந்தது. நடுவில் பள்ளம் விழுந்தது.

பெட்டியின் ஓசை மெதுவானது... இன்னும் மெதுவானது...

நின்றது.

விளக்கு அணைந்தது.

அந்தப் பக்கத்தில் வைத்த நாளிலிருந்து, விடியுமுன் அது அணைந்தது அதுதான் முதல் தடவை. பெட்டி கடைசியில் அவரைத் தூங்கவைத்துவிட்டது. அவள் சத்தம் போடாமல் அழுதாள். எழுப்பிவிடக் கூடாதே. கண்ணீர் மாஸ்க்குக்குள் இறங்கி மூக்கோரம் தேங்கியது.

மறுநாள் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் நெடுநேரம் முழித்துப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். தலையணையில் ஒரு சுருக்கம் விழாது. காலையில் பெட்டி என்ன காட்டுகிறது என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள். கடைசியில் மெஷினின் காற்றோடு தூங்கிப்போவாள். நன்றாகத் தூங்கினாள். நன்றாகத் தூங்குவது எவ்வளவு கொடுமை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

மூன்று வாரம் தாங்கினாள். ஒரு ராத்திரி முடியவில்லை. மாஸ்க்கைக் குழாயிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

"ஒரே ஒரு நாள்," என்றாள் அந்தப் பக்கம் பார்த்து. "ஒரு தடவ தட்டிட்டுப் போங்க. போதும்."

விளக்கு எரியவில்லை. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

காலையில் எழுந்தபோது முகத்தில் காற்று.

மாஸ்க் முகத்தில் இருந்தது.

குழாய் பொருத்தியிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையணைக்கு அடியில் கையை விட்டாள். சாவி இருந்தது. அலமாரியை இழுத்தாள். பூட்டியிருந்தது.

தலைக்குப் பின்னால் வாரைத் தடவினாள். அவள் எப்போதும் தொங்கவிடுகிற நுனி தொங்கவில்லை.

இரண்டு மடிப்பு மடித்து உள்ளே செருகியிருந்தது.

அன்றைக்கே பெட்டியை அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. "போன மாசத்துலருந்து இது விளக்கே எரியலண்ணே. உள்ள ஏதாவது பதிஞ்சிருக்கா பாருங்க," என்றாள்.

திருப்புளி அண்ணன் பெட்டியை கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தார். "எரியலயா? நல்லா எரிஞ்சிருக்கேம்மா. தினம் ராத்திரி, வேற வேற நேரம், அஞ்சே நிமிஷம். அதுக்குள்ள ஆள் தூங்கிடறாங்க. காலையில நாலே முக்காலுக்கு எழுந்துக்கறாங்க."

அஞ்சு நிமிஷம். அவள் தூங்கின பிறகு.

"இதுல நேத்து ராத்திரி மட்டும்தான் மாத்தம்," என்று அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டு பத்துக்கு முழிச்சுருக்காங்க. எழுந்து போயிருக்காங்க. ஒரு கால் மணி நேரம் கழிச்சு வந்து படுத்து, திரும்பத் தூங்கியிருக்காங்க. யாரும்மா படுத்தது? பொண்ணு வந்திருக்கா?"

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையில் அந்த நாலே முக்காலைப் பார்த்தார். அவள் கணவர் ஓட்டின பஸ்ஸில்தான் திருப்புளி அண்ணனும் பத்து வருஷம் வேலைக்கு வந்தார்.

அவள் கேட்டாள். "திரும்பப் படுத்தப்புறம்... தூங்கினாராண்ணே?"

திருப்புளி அண்ணன் பெட்டியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"நல்லாத் தூங்கியிருக்காரும்மா."

அதற்கப்புறம் அவள் மாஸ்க் போடாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. அவரை இன்னொரு தடவை எழுப்ப அவளுக்கு மனமில்லை.